வழுக்கும் மூட்டின் வரலாறு

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கும் நடப்பதற்கும் ஆதாரமாய் அமைந்தது இடுப்பு மூட்டாகும். தொடையென்பின் உருண்டைத் தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியினுட் பொருந்தி, காலை முன்னும் பின்னும் வீசவும், பக்கத்தே விரிக்கவும், உள்ளும் புறமும் திருப்பவும் இடந்தருகின்றது. அத்தலை கழன்றுவிடாதவாறு வலிய இணைப்பு நார்கள் சுற்றிலும் இறுகப் பற்றியுள்ளன. ஒற்றைக்காலில் நிற்கும்போது இம்மூட்டின்மீது விழும் பாரம் உடல் நிறையின் இரு மடங்கிற்கும் மேற்பட்டது. அத்துணைப் பாரத்தின்கீழும் அது ஓசையின்றி வழுக்கி அசைகின்றது. என்பின் முனைகளைப் போர்த்துள்ள குருத்தெலும்பும், அதனை நனைக்கும் திரவமுமே இதற்குக் காரணம்.

குருத்தெலும்பு தேய்ந்துவிடின், எடுத்துவைக்கும் ஒவ்வோரடியும் வேதனையாகும். இக்குறையைப் போக்க, 1890 ஆம் ஆண்டையொட்டி பேர்ளினில் குளுக் என்னும் வைத்தியர் யானைத் தந்தத்தால் மூட்டுகள் அமைத்துப் பார்த்தார். 1946 இல் பாரிசிலே ஜூடே சகோதரர் அக்ரிலிக்கினால் தொடையென்பின் தலையை ஆக்கிப் பொருத்தினர். அவ்வாறு பொருத்தப்பெற்ற ஒருவரின் இடுப்பு, நடக்குந்தோறும் கிறீச்சிட்டது. அதனைக் கேள்வியுற்ற ஆங்கிலச் சத்திரவைத்தியர் ஜோன் சார்ன்லி, மாற்று மூட்டின் வடிவம் மாத்திரம் இயற்கையை ஒத்திருந்தாற் போதாது, அதன் வழுக்குந் தன்மையும் ஒத்திருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார்.

லங்காஷயரிலுள்ள றைற்றிங்டன் வைத்தியசாலையில், மிக வழுக்கும் பொருளாகிய டெஃப்லானாற் கிண்ணம் அமைத்தார். நடக்கவியலாதிருந்தோர் நோவின்றி நடந்தனர். ஏறத்தாழ 300 பேர் இச்சிகிச்சை பெற்றனர். ஆனால், சில ஆண்டுகளுள் டெஃப்லான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையை அழற்றின. குற்றம் அப்பொருளினதே என்பதை உறுதிசெய்ய, சார்ன்லி அத்துகள்களைத் தம் தொடையிலேயே ஊசிமூலம் ஏற்றி, விளைந்த அழற்சியைக் கண்டு வெளியிட்டார். தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே மீண்டும் அறுத்தகற்றும் துயரமும் அவர்க்கு நேர்ந்தது.

1962 இல் நெசவியந்திரப் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட உயரடர்த்திப் பொலித்தீன் அவ்வாய்வுகூடத்துக்கு வந்தது. சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய உதவியாளர் ஹரி கிரேவனோ, அதனைத் தேய்ப்புப்பொறியில் இட்டு வாரக்கணக்காய் ஓடவிட்டார். தேய்வு மிகச் சொற்பமே. ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய உலோகத் தலையும், பொலித்தீன் கிண்ணமும், அவற்றை என்போடு பிணைக்கும் அக்ரிலிக் சீமெந்துமாக, அவ்வாண்டு நவம்பரிற் புதிய மூட்டு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

சார்ன்லி 1977 இல் சேர் பட்டம் பெற்று, 1982 இற் காலமானார். இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் மாற்று இடுப்பு மூட்டுடன் மீண்டும் நடக்கின்றனர். தோல்வியை மறையாது ஆராய்ந்த ஒரு வைத்தியரும், ஒதுக்கப்பட்ட பொருளைச் சோதித்துப்பார்த்த ஓர் உதவியாளரும் அந்நடைக்கு வழிவகுத்தனர்.