பாட்டும் குடிபெயரும்

வெலிங்டன் தீவு என்றே நாம் பேசியும் எழுதியும் வருகிறோம். சரியான பெயர் வில்லிங்டன் தீவு. சென்னை மாகாண கவர்னராக இருந்து பின்னர் வைஸ்ராயும் ஆன வில்லிங்டன் பிரபுவின் பெயர் அது. வாட்டர்லூவில் வென்ற வெலிங்டனுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, காயலைத் தூர் வாரி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு இது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. 2011-இல் கன்டெய்னர் வேலை இங்கிருந்து வல்லார்பாடத்துக்குப் போயிற்று. அப்போது இங்கே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் அடியேனும் ஒருவன். துறைமுகம் இடம் மாறும்போது எந்தச் சரக்கு தப்பும் என்று எங்களுக்குத் தெரியும். பேக்கிங் லிஸ்ட் ஒழுங்காக உள்ள சரக்குதான் தப்பும்.

மட்டாஞ்சேரியில் என் தம்பி மகன் வீட்டு மாடியறையில் 2009 முதல் நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பாடல்கள் பதிவாகி வருகின்றன. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு, எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கும் பழைய ரஜாய், ஸ்டுடியோ என்பது அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பெட்டியும் பழசு, புதிய விண்டோஸை ஏற்காது.

"பெரியப்பா, பெட்டியை மாத்தியே ஆகணும். ஆனா பாட்டெல்லாம் கூடவே வருமான்னு தெரியலை" என்றான் பையன்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பாட்டு இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளி தோபிகானாவில் வேலை செய்த தமிழ் வண்ணார் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், துணியைக் கல்லில் அடிக்கும் தாளத்திலேயே பாடியது. டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்க அழைத்து வரப்பட்ட குடும்பங்கள் அவை என்பர். பாடியவர் 2016-இல் காலமானார். வேறு பிரதி எங்கும் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் பாட்டு இருக்கும் விதத்தை இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். மைக்கில் பாடிய குரல் ஒலி அலையாகவே பதிவாகிறது. கீபோர்டில் வாசித்தது அப்படியல்ல. 1983-இல் கருவிக் கம்பெனிகள் கூடி வகுத்த மிடி என்ற ஏற்பாட்டின்படி, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டுமே பதிவாகும். அந்தக் குறிப்பைப் படித்து ஓசை எழுப்புவது வேறொரு கருவி. இந்தக் காலத்தில் அதை பிளக்-இன் என்கிறார்கள், தனி மென்பொருள், தனி லைசென்ஸ். 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்தில் சீக்வென்சரைக் கையாண்டதும், 1992-இல் 'ரோஜா'வின் இசை ஏ.ஆர்.ரகுமான் தம் கோடம்பாக்கத்து வீட்டோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் உருவானதும் இந்த ஏற்பாட்டின் மேல்தான். வீட்டு மாடியில் இருந்துகொண்டே பாட்டுச் செய்யலாம் என்று நம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகே எனலாம்.

ஆனால் பெட்டிகளுக்கு ஆயுள் குறைவு. மிடி துளைகளோடு 1985-இல் வந்து இசைக்காரர்கள் மேசையை நிறைத்த அட்டாரி எஸ்.டி. பத்தாண்டுக்குள் வழக்கொழிந்தது. லாஜிக் என்ற மென்பொருளைச் செய்த ஜெர்மன் கம்பெனியை 2002 ஜூலையில் ஆப்பிள் வாங்கியது. விண்டோஸுக்கான லாஜிக் அந்த ஆண்டோடு நின்றுபோனது. 2016 டிசம்பரில் வந்த கியூபேஸ் 9, பழைய 32-பிட் பிளக்-இன்களை ஏற்பதில்லை. மேக்கில் அந்தக் கதவு 2019-இல் அடைபட்டது. இப்படி ஒவ்வொரு முறையும் குறிப்பு பிழைத்தது, குறிப்பைப் படிக்கிற கருவி செத்தது.

நம் நாட்டில் இதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது. ஏழு கிராம ராகங்களுக்கு ஸ்வரம் ஸ்வரமாக வெட்டியிருக்கிறார்கள். ஒரே ஸ்வரம் 'ர' என்றும் 'ரி' என்றும் 'ரு' என்றும் 'ரே' என்றும் உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது? சுருதி நுட்பத்தையா, விரல் வைக்கும் இடத்தையா? அறிஞர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை. எழுத்து இன்னும் பாறையில் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து வாசித்துக் காட்ட ஆளில்லை. கல்லை விட நல்ல ஹார்டு டிஸ்க் உண்டா, சொல்லுங்கள்.

இதற்கு மாறான சாட்சி மூடபித்ரி. கி.பி. 816-இல் வீரசேனர் முடித்த தவளா உரை, பழங்கன்னட எழுத்தில் அங்கே ஓலையில் மட்டும் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உட்கார்ந்து கன்னடத்திலும் நாகரியிலும் பெயர்த்து எழுதினார்கள். 1939 முதல் ஹீராலால் ஜெயின் அச்சில் கொண்டுவந்தார். பழைய ஓலை படிக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே பெயர்த்தார்கள் பாருங்கள், அந்த வேளைதான் முக்கியம்.

நம் வண்ணார் பாட்டுக்கு வருகிறேன். புதிய பெட்டியில் திறந்தபோது குரல் வந்தது, தம்புரா வரவில்லை. அந்தத் தம்புரா பிளக்-இன்னை விற்ற சிறிய கம்பெனி கடையை மூடிவிட்டது. வேறு தம்புராவைப் போட்டான். கேட்டால், பெரியவர் அபசுரமாகப் பாடுவதுபோல இருந்தது! அவரா அபசுரம்? அவர் பாடியது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே. பையன் அன்று அவர் தொண்டைக்கு ஏற்பத் தம்புராவை ஒரு கட்டையிலிருந்து 30 சென்ட் ஏற்றி வைத்திருந்தான். (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்.) மிடி குறிப்பில் அது இல்லை, பிளக்-இன்னுக்குள் மட்டுமே இருந்தது. பழைய பெட்டி அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த எண் கிடைத்தது. ஒரு மாதம் தாண்டியிருந்தால் நல்ல பாடகர் ஒருவர் சுருதி தெரியாதவராக நின்றிருப்பார்.

பிறகு அவன் பின்பற்றிய முறையை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். பழைய பெட்டியிலேயே ஒவ்வொரு டிராக்கையும், பாட்டின் முதல் வினாடியிலிருந்து கடைசி வரை, தனித்தனி வேவ் ஃபைலாக 24 பிட்டில் எடுத்தான். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குவதால் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக நிற்கும். மிடி குறிப்பைத் தனியே எடுத்தான். மென்பொருள் தன் ஒலிகளை டிரைவ் பெயரைக் கொண்டே தேடும், டி டிரைவ் இ டிரைவ் ஆனால் ஃபைல் காணோம் என்று கத்தும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் உரியதை முதலில் ஒரே ஃபோல்டருக்குள் சேர்த்துக்கொண்டான். லைசென்ஸ்களைப் பழைய பெட்டியில் விடுவித்த பின்னரே புதியதில் பதிந்தான், அதுவும் ஒலி எடுக்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகு. நான் செய்தது ஒன்றே: பாட்டுக்கு ஒரு தாள் போட்டு, காலப்பிரமாணம், சுருதி, பிளக்-இன் பெயர், பாடியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் பேனாவால் எழுதி வைத்தேன். எங்கள் வியாபாரத்துப் பேக்கிங் லிஸ்டுதான் அது.

பிரதி மூன்று. ஒன்று மட்டாஞ்சேரியில், ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று வந்தவாசியில் என் தங்கை வீட்டில். கொச்சியின் உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் மூன்றையும் ஒன்றாகத் தின்றுவிடக் கூடாதல்லவா?

2009-க்கு முந்தைய விழாப் பாடல்கள் பதினொரு கேசட்டில் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நல்ல நிலையில் ஓடும் கேசட் டெக் யார் வீட்டிலாவது இருந்தால் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். கேசட்டோடு நாங்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம்.