ஜன்னலில் இருந்த பூட்டு

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிராமா பூட்டை 1790-ல் செய்ததாகச் சொல்வது பாதிதான் சரி. பிறந்தபோது அதற்குள் 18 இரும்புத் தகடுகளும், அனைத்துக்கும் பொதுவாக ஒரே சுருள்வில்லும் இருந்தன. இப்போதிருப்பவை 13 எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வில்.

ஜோசப் பிராமா இந்த வகைப் பூட்டுக்கு 1784-ல் காப்புரிமை பெற்றார். சாவி ஒரு சிறு குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். உள்ளே அழுத்தினால் ஒவ்வொரு தகடும் தன் வெட்டுக்கு ஏற்ற அளவு நகரும். தகடுகளின் பள்ளங்கள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் உருளை திரும்பும். இத்தனை நுணுக்கமான வேலைக்கு அவர் 18 வயது ஹென்றி மாட்ஸ்லேயைச் சேர்த்துக்கொண்டார். அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பூட்டு இந்த இளைஞரின் கைவேலை. பின்னாளில் இயந்திரக் கருவித் தொழிலுக்கே முன்னோடியான மாட்ஸ்லே, வாரம் 30 ஷில்லிங் கூலியைக் கூட்டிக் கேட்டு, கிடைக்காமல், 1797-ல் வெளியேறினார்.

பூட்டு லண்டன் பிக்கடில்லியில் இருந்த பிராமாவின் கடை ஜன்னலில் வைக்கப்பட்டது. சாவியில்லாமல் இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை அறிவித்தது. தன் சரக்கைத் தெருவின் பரிசோதனைக்கு விட்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அது ஜன்னலில் இருந்த காலத்திலேயே, 1817-ல், பிராமா பட்டறையைச் சேர்ந்த ரஸ்ஸல் பூட்டுகளுக்கு ஒரு தந்திரம் சேர்த்தார்: தகடுகளில் பொய்ப் பள்ளங்கள். திருடன் உருளையைத் திருப்பியபடி தகடுகளைத் தடவும்போது பொய்ப் பள்ளமும் மெய்யைப் போலவே சிக்கும்.

1851-ல் உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், முதலில் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டு அப்படி இளகவில்லை. 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. அவர் தன் கருவியைப் பூட்டிலேயே பொருத்தி வைத்தது முறையல்ல என்று பிராமா நிறுவனம் வாதிட்டது. ஆனாலும் நடுவர்கள் ஹாப்ஸுக்கே பரிசு தந்தார்கள். அறுபது ஆண்டுகளாகத் திருடர்கள் சொல்லாததை அவர் வெளிச்சத்தில் சொன்னார் என்பதே என் கணக்கு. அதன் பிறகுதான் பூட்டின் உள்ளுறுப்புகள் மாற்றப்பட்டன.

ரஸ்ஸலின் பொய்ப் பள்ளம் மட்டும் பூட்டை விட்டுப் பயணத்தைத் தொடர்ந்தது. இன்று சாதாரண வீட்டுப் பூட்டுகளில் உள்ள ஸ்பூல் பின், இடை சிறுத்து நூல்கண்டு போல் இருப்பது, அதே யோசனையின் வழிவந்தது. பொழுதுபோக்காகப் பூட்டுத் திறப்பவர்கள் இதை விரும்பித் தேடுகிறார்கள். மற்ற பின்கள் ஏறியதும் உருளை சற்றே திரும்பி, திறந்துவிட்டதோ என்று தோன்றவைத்து நின்றுவிடும். ஸ்பூல் பின்னின் இடை விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பலம் கூட்டினால் இன்னும் இறுகும். திருப்பும் கம்பியின் விசையைத் தளர்த்திக்கொண்டே அந்தப் பின்னை மெல்ல மேலே தள்ள வேண்டும். உருளை எதிர்ப்பக்கம் பின்வாங்குவது விரலுக்குத் தெரியும்; ஏற்கெனவே ஏறிய பின்கள் விழாதபடி அந்தப் பின்வாங்கலை அளந்து அனுமதிப்பதே முழு வித்தை.

இதற்காகவே ஜெர்மனியில் 1997 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது, போட்டிகளும் நடக்கின்றன. தன் பூட்டையோ, உரியவர் தந்த பூட்டையோ மட்டுமே திறக்கலாம். கதவில் பயன்பாட்டில் இருப்பதைத் தொடக்கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள்.