விருதுநகர் எண்ணெயும் டிரம்பெட் வால்வும்

பேப்பரில் வணிகப் பக்கத்தைப் பிரித்தால் "விருதுநகர் மார்க்கெட்" என்று ஒரு குட்டிப் பெட்டி வரும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில், துவரம்பருப்பு, வத்தல்... எல்லாத்துக்கும் விலை போட்டிருப்பான். பி.காம் படிக்கிற பாவத்துக்கு நான் அந்தப் பெட்டியை மட்டும் ஒழுங்காகப் படிப்பேன். இதயம் நல்லெண்ணெய் எங்க ஊர். புரோட்டாவையே எண்ணெயில் பொரித்துத் தின்கிற ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு நாள் முழுக்க அலைந்தும் ஒரே ஒரு எண்ணெய் மட்டும் கிடைக்கவில்லை.

தேடியது வால்வு ஆயில். டிரம்பெட்டில் விரல் வைத்து அழுத்துகிற மூன்று பித்தான்கள் இருக்கிறதல்லவா, அதற்குப் போடுகிற எண்ணெய். கடைத்தெரு அண்ணாச்சி "எந்த மோட்டாருக்கு?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

விஷயம் இதுதான். பங்குனிப் பொங்கல் சாட்டியிருந்த நேரம். சிவகாசிப் பக்கம் பேண்ட் செட் வைத்திருக்கிற ஒரு மாஸ்டர் எங்க வீட்டுக்குப் பழக்கம். அவர் டிரம்பெட்டில் நடு வால்வு அழுத்தினால் கீழேயே நின்றுவிடும், மேலே வராது. பாட்டு நடுவில் ஸ்வரம் மாறாமல் அப்படியே ஊளையிடும். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டு மறுபடி ஊதுவார். பாட்டிலில் என்ன என்று மூக்குக்கே தெரிந்தது. சீமெண்ணெய்!

"அண்ணே, இதுக்குன்னு தனியா எண்ணெய் விக்கிதுன்னு படிச்சேனே."

"இருக்கும் தம்பி. என்ன வெலை?"

"ஐநூறு ரூபா பக்கம் வரும். ரெண்டு அவுன்ஸ்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தக் கருவி எப்படி இங்கே வந்தது, அதோட எண்ணெய் ஏன் கூட வரவில்லை? தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்று சொல்லணும். ஊதுகிற உலோகக் கருவி நமக்குப் புதிதில்லை. கொம்பு இருக்கிறது, எக்காளம் இருக்கிறது, பெருமாள் கோவில்களில் திருச்சின்னம் இருக்கிறது. ஒன்றுக்கும் எண்ணெய் வேண்டாம். காரணம், அவற்றில் அசைகிற பாகமே கிடையாது. ஒரு குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கினால் மேல் ஸ்வரம், தளர்த்தினால் கீழ் ஸ்வரம். ஆனால் நினைத்த ஸ்வரமெல்லாம் வராது, அந்தக் குழாயின் நீளத்துக்கு எது வருமோ அதுதான் வரும். போலீஸ் பியூகிள் இன்றைக்கும் அப்படித்தான்.

ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் இதே கதைதான். தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்ட் வைத்திருந்தார். சென்னைக் கோட்டை பேண்ட் வாசித்த வெள்ளைக்கார மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்தார் என்பார்கள். (தீட்சிதர் 1835ல் காலமானது எட்டயபுரத்தில். எங்க ஊரிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரம்தான்.) தீட்சிதர் காதில் விழுந்த அந்த பேண்டில் டிரம்பெட் இருந்திருந்தாலும் அதில் வால்வு இருந்திருக்க முடியாது. ஏனென்றால் அப்போது வால்வே கண்டுபிடிக்கப்படவில்லை. 1810ல் டப்ளினில் ஜோசப் ஹாலிடே என்பவர் பியூகிளில் புல்லாங்குழல் மாதிரி ஓட்டை போட்டு, அதற்கு மூடி வைத்துக் காப்புரிமை வாங்கினார். வால்வுக்கு முந்தைய ஏற்பாடு அது.

வால்வு வந்தது ஜெர்மன் நாட்டில். ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்செல், ஃபிரெட்ரிஷ் ப்ளூமெல் என்று இரண்டு பேர். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் சண்டை. கடைசியில் 1818ல் பெர்லினில் சேர்ந்தே காப்புரிமை வாங்கினார்கள். (பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியும்.) 1835ல் வியன்னாவில் ரீடல் சுழலும் வால்வு செய்தார். 1839ல் பாரிஸில் பெரினே என்பவர் செய்த பிஸ்டன் வால்வுதான் இன்றைக்கு மாஸ்டர் கையில் இருப்பது. கிட்டத்தட்ட 190 வருஷமாகப் பெரிய மாற்றம் இல்லை.

வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை. உள்ளே இருப்பதில் ஓட்டைகள். அழுத்தினால் காற்று நேர் வழியை விட்டு ஒரு துண்டுக் குழாயைச் சுற்றிவிட்டுப் போகும், குழாய் நீளமாகும், ஸ்வரம் இறங்கும். முதல் வால்வு ஒரு முழு ஸ்வரம் இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு விதம். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதுக்குச் சமம் என்பதால் உண்மையில் ஏழு. இந்த ஏழை வைத்து எல்லா ஸ்வரமும் வந்துவிடும். சினிமாப் பாட்டு முழுக்க டிரம்பெட்டில் வாசிக்க முடிகிறது என்றால் இந்த ஏழால்தான்.

ஆனால் இங்கேதான் சிக்கலும். உள் உருளைக்கும் வெளி உருளைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி தலைமுடி கனத்தைவிடக் குறைவு. அதிகமாக இருந்தால் காற்று கசியும், குறைவாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை நிரப்புகிறதுதான் எண்ணெய். ஒரே நேரத்தில் வழுக்கவும் வேண்டும், காற்றை அடைக்கவும் வேண்டும். கொம்புக்கு இல்லாத தொந்தரவு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

1845ல் பாரிஸில் அடோல்ஃப் சாக்ஸ் (ஆமாம், சாக்ஸபோன்காரர்தான்) பெரிதும் சின்னதுமாக ஒரே மாதிரி வால்வுக் கருவிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டாளத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. 1857ல் இங்கிலாந்தில் நெல்லர் ஹால் என்ற ராணுவ இசைப் பள்ளி வந்தது. இந்தியப் பட்டாளங்களிலும் பேண்ட் வந்தது. இரட்சணிய சேனைக்காரர்கள் 1882ல் இந்தியா வந்தார்கள். அவர்களுக்கு பேண்ட்தான் அடையாளம். நாகர்கோவிலில் அவர்களுடைய ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். கோவில் திருவிழா, சர்ச் பவனி, கல்யாணம், சாவு என்று பேண்ட் நுழையாத இடமே இல்லை.

பட்டாளத்தை விட்டு வந்தவர்கள் ஊரில் பேண்ட் செட் வைத்தார்கள், அவர்களுக்குக் கருவி வேண்டும். 1885ல் நாதிர் அலி என்ற ராணுவ பேண்ட்காரர் மீரட்டில் கம்பெனி ஆரம்பித்தார். முதலில் வாங்கி விற்று, பிறகு தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். மீரட்டில் ஜாலி கோத்தி என்கிற பகுதியே இன்றைக்கும் பேண்ட் கருவி செய்கிற தெருக்கள்தான். நாடு முழுக்கக் கல்யாண ஊர்வலங்களில் ஊதப்படுகிற பித்தளையில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது.

ஆக, கருவி இந்தியாவுக்குள்ளேயே செய்யப்பட்டது. விலை குறைந்தது. எண்ணெய்?

எண்ணெய்க்கு வேறு ஒன்று குறுக்கே வந்தது. 1859ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் கிணறு தோண்டினார், பெட்ரோலியம் வந்தது, மண்ணெண்ணெய் மலிந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்க எண்ணெயும் ரஷ்ய எண்ணெயும் டின் டின்னாகக் கப்பலில் இங்கே இறங்கிவிட்டது. சீமையிலிருந்து வந்த எண்ணெய், அதனால் சீமெண்ணெய். 1886ல் பர்மா ஆயில் கம்பெனி, 1928ல் பர்மா ஷெல், 1976ல் அரசு எடுத்துக்கொண்டு இப்போது பாரத் பெட்ரோலியம். வீட்டுக்கு வீடு ஹரிக்கேன் விளக்கு. எனவே பேண்ட்காரர் வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் அது எப்போதும் இருந்தது. மெல்லிசாக இருக்கும், ஓடும், மாட்டிக்கொண்டதை விடுவிக்கும். இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே பழைய ஆட்கள் டிரம்பெட்டுக்கு மண்ணெண்ணெய் போட்டிருக்கிறார்கள். கடையில் விற்கிற பெட்ரோலிய வால்வு ஆயிலும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கின சொந்தம்தான், வாசனையும் அழுக்கும் எடுத்துச் சுத்தம் செய்தது. ஒரு பிரபல பிராண்டுக்கு ப்ளூ ஜூஸ் என்று பெயர், நீலமாக இருக்கும். நம்ம ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் நீலச் சாயம்தான் கலப்பார்கள். ஹி ஹி.

இந்த எண்ணெயிலும் காசு இருக்கிறது என்று சரியான நேரத்தில் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் ஹோல்டன். சூசாவின் பேண்டில் டிராம்போன் வாசித்தவர். 1890களில் சிகாகோவில் தானே கலந்த எண்ணெயை "எலெக்ட்ரிக் ஆயில்" என்று பெயர் வைத்து விற்றார் (மின்சாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, அந்தக் காலத்து மார்க்கெட்டிங்). பிறகுதான் டிரம்பெட், டிராம்போன் எல்லாம் செய்கிற கம்பெனியாக வளர்ந்தார்.

சரி, விருதுநகர் எண்ணெய்களுக்கு வருவோம். இத்தனை எண்ணெய் இருக்கிற ஊரில் ஒன்றுகூட உதவாதா? உதவாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றுப் பட்டால் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். அடுப்படி அலமாரியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி பஜனைக்கு அம்போ. விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி. வைக்கோல் கரியோடு குழைத்து வண்டி மையாக அச்சாணிக்குப் போட்டது அதனால்தான். தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் தேவலை, ஆனால் அதுவும் கனம், வேகமான பாட்டுக்கு வால்வு பின்தங்கும்.

அப்போ சீமெண்ணெய் போதுமே என்றால், மூன்று பிரச்சினை. ஒன்று, சீக்கிரம் ஆவியாகிவிடும், பிறகு உலோகத்தோடு உலோகம் உரசும். உள்ளே சேர்வது மூச்சுக் காற்றின் ஈரமும் எச்சிலும். எண்ணெய்ப் படலம் இல்லாத பித்தளையை அது அரிக்கும், பச்சைக் களிம்பு பிடிக்கும். இரண்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது வாய்க்கு முன்னாலேயே அந்த ஆவி. வாயிலிருந்து தீ ஊதும் வித்தைக்காரர்களுக்கு மண்ணெண்ணெய் நுரையீரலில் போய் நிமோனியா வருவது மருத்துவத்தில் தெரிந்த சங்கதி. நாலு சொட்டு அந்த அளவுக்குப் போகாது, இருந்தாலும் தினமும் முகர வேண்டிய பொருள் இல்லை. (கருவியைக் கழுவாமல் விட்டாலும் ஆபத்துதான். 15 வருஷம் இருமிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க டிராம்போன்காரருக்குக் காரணம் கருவிக்குள் வளர்ந்த கிருமிகள் என்று 2010ல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.)

மூன்றாவதுதான் எனக்குப் பயம். இந்தியத் தரப்படி மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாண்டினால் மேலே நிற்கிற ஆவி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் எங்க பக்கத்து வெயில் 35ஐச் சாதாரணமாகத் தாண்டும். சிவகாசிப் பக்கத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம், சாமிக்கு முன்னால் சரவெடி, அதுக்குப் பக்கத்திலேயே பேண்ட். பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிற ஊரில், பையில் சீமெண்ணெய் பாட்டிலோடு ஒருத்தர் சரவெடிக்குப் பத்தடி தள்ளி நின்று ஊதுகிறார். சட்டையில் வேறு சொட்டியிருக்கும்.

கடைசியில் சென்னையிலிருந்து ஒரு நண்பன் மூலம் ஒரு பாட்டில் வரவழைத்தேன். எது வாங்குவது என்பதற்கே ஒரு நாள் படித்தேன். புதுக் கருவியில் இடைவெளி இறுக்கமாக இருக்கும், மெல்லிய எண்ணெய். தேய்ந்த பழைய கருவிக்குக் கொஞ்சம் கனமானது, இல்லாவிட்டால் காற்று கசியும். மாஸ்டரின் டிரம்பெட் என்னைவிட வயசானது, அதனால் கனமானது. செயற்கை எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், விலை கூட. ஆனால் பழைய பெட்ரோலிய எண்ணெய் இருக்கிற வால்வில் அப்படியே ஊற்றினால் பிசுக்காகலாம், கழுவிவிட்டுத்தான் போடணும்.

கழுவினோம். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு. ரொம்பச் சூடு ஆகாது, மேல்பூச்சு உரியும். நடு வால்விலிருந்து தார் மாதிரி ஒன்று வந்தது. யாரோ எப்போதோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். துடைத்து, வால்வைப் பாதி வெளியே இழுத்து, மூன்று சொட்டு விட்டு, உள்ளே இறக்கி, "டிக்" என்று உட்காரும் வரை திருப்ப வேண்டும். அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஊற்றக்கூடாது, கீழே சேர்ந்திருக்கிற அழுக்கை மேலே கொண்டுவரும். எல்லாம் படித்த நான் ஒன்றாம் வால்வை மூன்றிலும் மூன்றை ஒன்றிலும் போட்டுவிட்டேன். மாஸ்டர் ஊதினார், காற்றே போகவில்லை, கன்னம்தான் உப்பியது. "தம்பி, நம்பர் போட்டிருக்குல்ல" என்றார். வால்வின் மேல் 1, 2, 3 என்று செதுக்கியே இருக்கிறது :-(

மாற்றிப் போட்டதும் ஓடியது. ஒரு பாட்டு முழுக்க வாசித்தார், நடு வால்வு ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். அதில் பாதியைக் காலியான கண் சொட்டு மருந்து பாட்டிலில் ஊற்றிக் கிளாரினெட் அண்ணனிடம் பத்திரமாக வைக்கச் சொன்னார், கிளாரினெட்டுக்கு வால்வே கிடையாது என்பதால் அவர்தான் திருடமாட்டாராம்.

போன வாரம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்தேன். எண்ணெய் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. எப்படி என்று கேட்டேன். அந்த ஐநூறு ரூபாய் எண்ணெய் நடு வால்வுக்கு மட்டும்தானாம். மற்ற இரண்டுக்கும் இப்போதும் சட்டைப் பை பாட்டில்தான்.