நெறிக்கட்டும் டோரத்தி ரீடும்

எங்கள் புனே குடியிருப்பில் ஒரு பையனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலியில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பும் இளைத்தது. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி கரையவில்லை. பிறகுதான் நெறிக்கட்டை வெட்டியெடுத்துச் சோதித்தார்கள்: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர் மண்டலப் புற்றுநோய்.

இந்தக் குழப்பம் பழையது. 1832-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை முதலில் விவரித்தார். 1898-ல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் நுண்ணோக்கியில் இதன் ராட்சத செல்களைக் கண்டும், டிபியின் ஒரு வகை என்றே நினைத்தார். டிபி வேறு, இது வேறு என்று 1902-ல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் டோரத்தி ரீட் என்ற இளம் பெண் மருத்துவர். அந்தச் செல்லுக்கு இன்று ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்று பெயர்.

1970-களில் இத்தாலியின் போனடோனா நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். அதிலொன்றான வின்பிளாஸ்டின், நம்மூர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. இன்று பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

எல்லா நெறிக்கட்டும் புற்று அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் சில வாரங்களில் கரையாவிட்டாலோ, டிபி மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ, "பயாப்ஸி வேண்டாமா டாக்டர்?" என்று கேளுங்கள். ஊசிச் சோதனை மட்டும் சில நேரம் போதாது.