ஐயத்தினூடே பிறந்த ஒளி



கி.பி. 1092இல் ஸல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிழாமுல் முல்க் கொலையுண்டார். அதே ஆண்டில் சுல்தான் மலிக்ஷாவும் மரணித்தார். வாரிசுப் போரினால் நாடு கலங்கியது. அவ்வமைச்சர் பக்தாதில் நிறுவிய நிழாமிய்யா கலாபீடத்தில் அன்று தலைமைப் பேராசிரியராக விளங்கியவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

இமாமவர்கள் தம் அறிவையே ஐயுற்ற காலமும் உண்டு. கனவில் காண்பதை மெய்யென நம்புகிறோம். விழித்தபின் அது கற்பனையெனத் தெளிகிறோம். அவ்வாறாயின் இவ்விழிப்பும் வேறொரு விழிப்பின் முன் கனவாகலாமன்றோ? ஏறக்குறைய இரு மாதங்கள் நீடித்த அவ்வையம் தர்க்கத்தால் தீரவில்லை. அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியாலேயே தீர்ந்தது என 'அல் முன்கித் மினழ் ழலால்' நூலில் எழுதியுள்ளார்கள்.

1095இல், தாம் கற்பிப்பது புகழுக்காகவே என்ற அச்சம் அவர்களை வாட்டியது. பாடம் நடத்த நாவெழவில்லை. பதவியைத் துறந்து டமஸ்கஸுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் சென்றார்கள். 'இஹ்யாஉ உலூமித்தீன்' அத்தேடலின் கனியாகும். 1106இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்கலானார்கள்.

பெற்றோர்களே! பிள்ளை வினாத் தொடுத்தால் ஈமான் போயிற்றென அதட்டாதீர்கள், அருகிலமர்ந்து செவிசாயுங்கள். இளைஞர்களே! ஐயத்திலேயே தங்கிவிடாதீர்கள். கற்றோரை நாடுங்கள், இரவின் தனிமையில் துஆவுக்காகக் கையேந்துங்கள். ஒளியைத் தருபவன் அல்லாஹ்வே.