அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரை: காலால் படித்த ஒரு வரலாறு

அன்பான முசலி உறவுகளே, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வாழும் எங்கள் மக்களே,

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வாசித்துவிட்டுக் கடைசியில் நான் கேட்பதைச் செய்து தாருங்கள்.

இது ஒரு கேள்வியில் தொடங்கியது. உயர்தரத்தில் வரலாறு படிக்கும் என் சகோதரியின் மகனிடம் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டானாம்: "உங்கட ஆக்கள் வில்பத்துக் காட்டை வெட்டித்தானே குடியேறினீங்க?" பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. அவன் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். உம்மாவின் ஊர் முசலி என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து, "மாமா, நாங்க அங்க எப்ப இருந்து இருக்கிறோம்?" என்று என்னிடம் கேட்டான். வரலாறு படிப்பிக்கும் எனக்கும் ஒரே வரியில் சொல்ல வரவில்லை. "விடுமுறை வரட்டும், போய்ப் பார்ப்போம்" என்றேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் மன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் தெற்கே புறப்பட்டோம். சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. தள்ளாடி தாண்டி வங்காலைப் பக்கம் வந்தால் இரு புறமும் காய்ந்த உவர்நிலம். மாரி காலத்தில் இதே இடத்தில் தண்ணீர் நிற்கும், பூநாரைகள் கூட்டமாய் வந்திறங்கும். வங்காலை சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மருமகன் படம் எடுக்க இறங்கினான். ஒரு பறவையும் இல்லை. "மாரியில வருவோம்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டேன்.

அருவி ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினேன். சிங்களத்தில் இதுதான் மல்வத்து ஓயா. அநுராதபுரத்தைத் தொட்டு வந்து அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. நீளத்தில் இந்நாட்டின் இரண்டாவது ஆறு. றொபேட் நொக்ஸ் கதையை அங்கே வைத்துத்தான் அவனுக்குச் சொன்னேன். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் அவர். 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறை. பிறகு சில்லறை வியாபாரி போல நடமாடி வழி பார்த்து, ஒரு தோழருடன் இந்த ஆற்றங்கரைக் காடு வழியே நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பின்னர் அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அன்றைய இலங்கையைப் பற்றி இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம்.

அரிப்புக் கோட்டை சிறியது. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தெற்கே கடலோர மேட்டில், எல்லோரும் படம் எடுக்கும் அந்தப் பாழடைந்த மாளிகை நிற்கிறது. எங்கள் பக்கம் அதற்கு அல்லிராணி கோட்டை என்று பெயர். குதிரைமலையில் இருந்து ஆண்ட அல்லி அரசியின் கோட்டை என்றுதான் நானும் சிறுவயதில் நம்பினேன். உண்மையில் அதைக் கட்டுவித்தவர் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். 1801 முதல் 1804 வரையில் எழுந்தது. முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்கான வீடு. கிரேக்கப் பாணித் தூண்கள் இருந்ததால் ஆங்கிலேயர் டொரிக் என்றார்கள். கடல் மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது, சுவர்கள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. என் மருமகனின் பிள்ளைகள் படத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

மோட்டார் சைக்கிளை அங்கே ஒரு வீட்டில் விட்டுவிட்டுக் கரையோரமாய்ச் சிலாவத்துறைக்கு நடந்தோம். அந்தக் கரையை நடந்துதான் பார்க்க வேண்டும். அலை அரித்த மண்ணில் சிப்பி ஓடுகள் படைபடையாய்த் தெரிகின்றன. கையால் தட்டினால் உதிர்கின்றன. முத்துக்குளிப்புக்குச் சலாபம், சிலாபம் என்பது பழைய சொல். சிலாவத்துறை என்ற பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது.

கடலுக்கு அடியில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். பெரியபார், செவ்வல்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் எழும்பும் முன் கடல் அமைதியாகும் சில வாரங்கள்தான் குளிப்புக் காலம். குளியாளி கனமான கல்லில் காலை வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குவான். மேலே படகில் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிப்பி கரைக்கு வந்ததும் கொட்டு என்ற வேலியடைப்புக்குப் போகும். மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். 1906 இல் மறிச்சுக்கட்டிக் கொட்டில் வேலை செய்த லியோனார்ட் வூல்ப் என்ற இளம் அதிகாரி அதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு.

"அப்ப முத்தெல்லாம் எங்கட ஆக்கள்ட இல்லையா மாமா?" என்றான் மருமகன். இல்லை மகனே. முத்துக் காலத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். இலாபம் போனது அரசுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும். 1906 இல் பார்களை ஒரு இலண்டன் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சிப்பி அழிந்தது, 1912 இல் கம்பனியும் கலைந்தது.

இங்கேதான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. நான் அவனிடம், "பார்த்தியா, நூறு வருஷத்துக்கு முன்ன ஆங்கிலேயர் எழுதின கடதாசியிலயே மறிச்சுக்கட்டி என்ற பேர் இருக்கு, இதுதான் ஆதாரம்" என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அது குளிப்புக்கு வந்தவங்கட கூடாரம்தானே? சீசன் முடிய எல்லாரும் போயிருப்பாங்க. ஊர் இருந்ததுக்கு அது எப்படி ஆதாரம்?"

சரியான கேள்வி. ஆயிரமாயிரம் பேர் கூடிய அந்த நகரம் ஓலையும் தடியுமாய் எழுந்து சில வாரத்தில் கலைந்தது. ஊர் என்றால் போகாமல் இருந்தவர்கள் வேண்டும். அவர்களை எங்கே தேடுவது?

அன்று பின்நேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். ஊர்ப் பெயர்களை அவனை வாசிக்கச் சொன்னேன். வேப்பங்குளம். பொற்கேணி. பண்டாரவெளி. பாலைக்குளி. கரடிக்குளி. ஒன்றிலாவது முத்து இருக்கிறதா? எல்லாம் குளம், கேணி, குளி, வெளி. மறிச்சுக்கட்டி என்ற பெயரும் என் காதில் தண்ணீரை மறித்துக் கட்டிய இடம் என்றுதான் விழுகிறது. முத்துக்கு வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், தங்கியவர்கள் மழைத் தண்ணீரைத் தேக்கினார்கள். அவர்கள்தான் எங்கள் மூத்தவர்கள்.

ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் தன் வளவுக்குக் கூட்டிப்போனார். 1990 இல் வெளியேறி, யுத்தம் முடிந்த பிறகு திரும்பியவர். இருபது வருடத்தில் காடு ஊரை மூடியிருந்தது. அவர் சொன்னார்: "நான் வீட்டைத் தேடி வரல்ல சேர். கிணத்தைத் தேடித்தான் வந்தேன். கிணறு கிடைச்சா வீடு எங்க இருந்ததெண்டு தெரியும். வீடு தெரிஞ்சாப் பள்ளி தெரியும்." பற்றைகளை வெட்டிக் கிணற்றைக் கண்டாராம். கட்டு உடைந்திருந்தது. தண்ணீர் இருந்தது. அதிலேயே எங்களுக்கு அள்ளித் தந்தார். பிறகு மையவாடியைக் காட்டினார். மீசான் கட்டைகள் உக்கிப் போய்விட்டன, சில கற்கள் மட்டும் மிச்சம்.

1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. உம்மா என் கையைப் பிடித்திருந்தா, வாப்பா ஒரு சாக்கைத் தூக்கியிருந்தார். நாங்கள் நடந்தோம். நொக்ஸ் நடந்து வந்து விடுதலை பெற்றதும் ஒரு ஒக்டோபரில், நாங்கள் நடந்து போய் அகதியானதும் ஒரு ஒக்டோபரில். நொக்ஸ் எழுதினார். எங்களில் எத்தனை பேர் எழுதினோம்?

இதில் நாங்கள் மட்டும் இழந்தவர்களுமில்லை. பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007 இல் வெளியேறினார்கள். தங்கள் மண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள். இந்தக் கரையின் வரலாற்றை அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறு.

மோதரகம் ஆற்றுப் பக்கத்தோடு எங்கள் பயணம் முடிந்தது. அதற்கு அப்பால் வில்பத்து தேசிய பூங்கா. குதிரைமலையும் அதற்குள்தான். மோட்டார் சைக்கிளிலோ நடந்தோ போக முடியாது.

காடு பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் 2012 இலும் 2017 இலும் வர்த்தமானியில் ஒதுக்குக்காடாகக் கோடு கீறப்பட்டபோது, பழைய ஊர் எதுவரை இருந்தது, புதிதாக வெட்டியது எது என்று பிரித்துக் காட்ட எங்கள் கையில் ஒழுங்கான பதிவு இருக்கவில்லை. உணர்ச்சியாகப் பேசினோம். அல்லிராணி கதையை வைத்து யாரும் காணி கேட்க முடியாது. கிணற்றை வைத்துக் கேட்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். கிணறு எங்கே, குளத்துக்கு என்ன பெயர், பள்ளியின் வடக்கே யார் வளவு என்று கேட்டு எழுதுங்கள். பழைய காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம், நிக்காஹ் பதிவு எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் மருமகன் பின்னால் இருந்து சொன்னான்: "மாமா, இனி அவன் கேட்டா அந்தக் கிணத்தச் சொல்லுவேன்."

எனக்கு அது போதும். உங்கள் ஊர்க் கிணறுகளையும் கீழே எழுதுங்கள்.