போரோபுதூர்: குன்றைப் போர்த்திய கற்கோயில்

ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், யோக்யகர்த்தா நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கெடு என்னும் வளமிக்க சமவெளி பரந்து கிடக்கிறது. கிழக்கில் மெராபி, மெர்பாபு, மேற்கில் சும்பிங், சிண்டோரோ என எரிமலைகள் சூழ, தெற்கில் மெனோரே குன்றுத்தொடர் நீள, புரோகோ, எலோ ஆகிய ஆறுகள் கூடும் இந்நிலத்தில்தான் உலகின் மிகப் பெரிய பௌத்தக் கட்டடமான போரோபுதூர் அமைந்துள்ளது. தமிழகக் கோயில்களைக் கண்டு பழகியவர்கள் இங்கே தேடக்கூடிய கருவறையோ மண்டபமோ உட்கூடமோ இதில் இல்லை. ஓர் இயற்கைக் குன்றைச் செதுக்கியும் மண்ணிட்டு நிரப்பியும் படிப்படியாக்கி, அதன்மேல் எரிமலைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிப் போர்த்தியதே இதன் கட்டுமான முறை. இக்கட்டடத்தின் அழகுக்கும் அதற்கு நேர்ந்த துன்பங்களுக்கும் இந்த முறையே மூலகாரணம். மழைநீர் கல்லிடுக்குகள் வழியே உள்ளே இறங்கி மண்ணை நனைக்க, நனைந்த மண் சுமை தாங்காமல் நெகிழ, மேலிருந்த சுவர்கள் சாய்ந்தன. ஆகவே போரோபுதூரின் வரலாறு என்பது அதைக் கட்டியவர்களின் வரலாறு மட்டுமன்று. சரிந்துகொண்டிருந்த ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பிடித்தவர்களின் வரலாறும் ஆகும். இன்று அங்கே நிற்பது ஒன்பதாம் நூற்றாண்டின் படைப்பாக இருக்கும் அளவுக்கு இருபதாம் நூற்றாண்டின் உழைப்பாகவும் இருக்கிறது.

அடித்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 123 மீட்டர் நீளமுடையது. அதன்மேல் சதுரத் தளங்களும், அவற்றுக்கு மேல் மூன்று வட்டத் தளங்களும், உச்சியில் ஒரு பெருந்தூபியும் அமைந்துள்ளன. தூபி என்பது புத்தரின் அல்லது பௌத்தப் பெரியோரின் நினைவாக எழுப்பப்படும் அரைக்கோள அல்லது மணி வடிவக் கட்டடம். சதுரத் தளங்களில் இருபுறமும் சுவர் எழுந்த நான்கு சுற்றுப்பாதைகள் உள்ளன. அச்சுவர்களில்தான் இக்கட்டடத்தின் புகழ்பெற்ற புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. மறைந்திருக்கும் அடித்தளச் சிற்பங்களையும் சேர்த்துக் கதை சொல்லும் பலகைகள் 1,460, அலங்காரப் பலகைகள் 1,212 என மொத்தம் 2,672 பலகைகள் கணக்கிடப்பட்டுள்ளன. கிழக்கு வாயிலில் தொடங்கி, கட்டடம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்குமாறு வலம் வருவதே இவற்றைப் பார்க்கும் முறை. முதற்பாதையில் நான்கு கதை வரிசைகளும் மற்ற மூன்று பாதைகளில் தலா இரண்டும் இருப்பதால், எல்லாவற்றையும் முறைப்படி பார்க்க விரும்புவோர் பத்து முறை சுற்றி வர வேண்டும். ஓரிடத்தில் நின்று தொழுவதற்காக அன்றி நடந்து கற்பதற்காகவே இது கட்டப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

முதற்பாதையின் உட்சுவரில் மேல்வரிசையாக அமைந்த 120 பலகைகள், 'லலிதவிஸ்தரம்' என்னும் வடமொழி நூலைத் தழுவி, துஷித சுவர்க்கத்திலிருந்து, புத்தநிலை எய்தவிருக்கும் போதிசத்துவர் மண்ணுலகுக்கு இறங்கி வருவது முதல் சாரநாத்தில் முதல் அறவுரை ஆற்றுவது வரையிலான புத்தர் வரலாற்றைக் கூறுகின்றன. புத்தரின் முற்பிறப்புக் கதைகளாகிய ஜாதகங்கள் அதே பாதையின் பிற வரிசைகளில் இடம்பெறுகின்றன. இரண்டாம் பாதையிலிருந்து மேலே தொடர்வது 'கண்டவியூகம்' என்னும் மகாயான நூலின் கதை. மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவரால் தென்திசை நோக்கி அனுப்பப்படும் சுதனன் என்ற இளைஞன், துறவி, வணிகன், அரசன், மாலுமி, பெண்டிர், சிறுவர் எனப் பலதரப்பட்ட ஆசான்களை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச் சென்று ஞானம் பெறும் அந்தப் பயணத்தைக் கல்லில் தொடர்ந்து வருபவரும், தம்மை அறியாமலே அவனைப்போல் ஓர் ஆசானிடமிருந்து அடுத்தவரிடம் நடந்து உயரத் தொடங்கிவிடுகிறார். சிற்பங்கள் நிறைந்த அந்தக் குறுகிய பாதைகளிலிருந்து வட்டத் தளங்களுக்கு ஏறியதும், சுவரோ கதையோ இல்லாத திறந்தவெளி வந்துவிடுகிறது. அங்கே 32, 24, 16 என்ற எண்ணிக்கையில் துளையிட்ட 72 சிறு தூபிகள் மூன்று வட்டங்களாக நிற்க, ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். கீழே மாடங்களில் இருந்த 432 சிலைகளோடு சேர்த்து மொத்தம் 504 சிலைகள் இருந்தன. அவற்றுள் முந்நூறுக்கும் மேற்பட்டவை இன்று சிதைந்துள்ளன, பெரும்பாலானவற்றுக்குத் தலையே இல்லை.

இக்கட்டடத்தை எழுப்பியவர் யாரென்று கூறும் கல்வெட்டு எதுவும் இதன்மேல் இல்லை. எனினும் சில சிற்பங்களின்மேல் பொறித்த சொற்களின் எழுத்தமைதியையும் அண்டைப் பகுதிச் சாசனங்களையும் கொண்டு, இது கி.பி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறைவுற்றது என்றும், நடு ஜாவாவை அப்போது ஆண்ட சைலேந்திர மரபினரின் ஆதரவில் உருவானது என்றும் அறிஞர்கள் கொள்கின்றனர். இந்தச் சைலேந்திரர் பெயர் தமிழக வரலாற்றுக்கும் புதியதன்று. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்த செய்தியைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேடு, அவ்வரசனைச் சைலேந்திர குலத்தவன் என்றே குறிப்பிடுகிறது. அச்செப்பேடு போரோபுதூருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிற்பட்டது. அந்த அரசனின் ஆட்சிப்பகுதியும் ஜாவா அன்று, சுமத்திராவும் மலாயாத் தீபகற்பமுமே. ஆயினும் அந்தக் குலப்பெயர் வங்கக் கடலின் இரு கரைகளையும் இணைத்து நின்றது என்பதில் ஐயமில்லை. நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பழைய செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டதை எண்ணும்போது, ஜாவாவில் நிற்பதன் அருமை தமிழ் வாசகருக்குக் கூடுதலாகவே புலப்படும்.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே இடையூறு எழுந்ததற்கான சான்று, 1885இல் ஐசர்மன் என்னும் டச்சுப் பொறியாளர் கண்டறிந்த மறைந்த அடித்தளத்தில் கிடைக்கிறது. இன்று காணும் அகன்ற கீழ்த்தளம் பின்னர் சேர்க்கப்பட்ட கல் அணைப்பு என்பதும், அதற்குப் பின்னால் 160 பலகைகளில் செதுக்கப்பட்ட மற்றொரு சிற்ப வரிசை முழுமையாக மறைந்துகிடந்தது என்பதும் அப்போது தெரியவந்தன. 'கர்மவிபங்கம்' எனப்படும் அச்சிற்பங்கள், கொலை, புறங்கூறல், மது அருந்துதல் முதலிய செயல்களுக்கும் தானம், வழிபாடு முதலிய செயல்களுக்கும் உரிய பலன்களை அக்காலச் சிற்றூர் வாழ்க்கையின் காட்சிகளாகவே காட்டுகின்றன. சில பலகைகளின்மேல் சிற்பிக்கு இட்ட குறிப்புகளாகச் சிறு வடமொழிச் சொற்கள் பழைய ஜாவா எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் காலத்தை மதிப்பிட உதவிய எழுத்துகள் இவையே. சமயக் காரணத்துக்காக இவை மறைக்கப்பட்டன என்று கருதுவோர் உண்டு. ஆனால் மேற்சுமையால் அடித்தளம் வெளிநோக்கிப் பிதுங்கியதைத் தடுக்கவே இந்த அணைப்பு இடப்பட்டது என்னும் விளக்கமே கட்டடத்தின் இயல்போடு பெரிதும் பொருந்துகிறது. ஆண்டுக்கணக்கான உழைப்பில் செதுக்கிய சிற்பங்களைக் கட்டடத்தைக் காப்பதற்காகத் தாங்களே மூடத் துணிந்த அந்தக் கட்டடக் கலைஞர்களே போரோபுதூரின் முதல் பாதுகாவலர்கள் எனலாம். அப்பலகைகளை 1890–91இல் கசியான் செஃபாஸ் என்னும் ஜாவானிய ஒளிப்படக் கலைஞர் முழுமையாகப் படம்பிடித்த பின், கற்கள் மீண்டும் அதே இடத்தில் அடுக்கப்பட்டன. தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் இன்றும் திறந்த நிலையில் உள்ளன.

பத்தாம் நூற்றாண்டில் அரசதிகாரம் கிழக்கு ஜாவாவுக்குப் பெயர்ந்தபின் கட்டடம் மெல்லக் கைவிடப்பட்டது. மீண்டும் அது பரவலாக அறியப்பட்டது, ஜாவா சில ஆண்டுகள் பிரித்தானியர் வசம் இருந்தபோது, ஆளுநர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1814இல் கொர்னேலியஸ் என்னும் டச்சுப் பொறியாளரை அனுப்பி மரங்களையும் மண்ணையும் அகற்றச் செய்தபோதுதான். அண்டை ஊர் மக்கள் அக்குன்றை எக்காலத்தும் அறிந்தே இருந்தனர் என்பதால், ராஃபிள்ஸ் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது பொருந்தாது. 1835 வாக்கில் கட்டடம் முழுவதும் வெளிப்பட்டது; வெளிப்பட்டதே அதற்குப் புதிய தீங்காகவும் அமைந்தது. மழை நேரடியாகத் தாக்கியது, சிலைத் தலைகள் களவு போயின. 1882இல் கட்டடத்தையே கலைத்துச் சிற்பங்களை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லலாம் என்ற பரிந்துரையும் எழுந்தது. 1896இல் ஜாவாவுக்கு வந்த சயாம் மன்னர் சுலாலங்கோர்ன், டச்சுக் குடியேற்ற அரசின் இசைவுடன் எட்டு வண்டிச் சுமை சிற்பங்களைக் கொண்டு சென்றார். அவற்றுட் சில இன்றும் பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

திட்டமிட்ட முதற் சீரமைப்பு 1907 முதல் 1911 வரை தியோடோர் வான் எர்ப் என்னும் படைப்பொறியாளர் தலைமையில் நடைபெற்றது. உருக்குலைந்து கிடந்த வட்டத் தளங்களையும் சிறு தூபிகளையும் அவர் மீட்டமைத்தார். பெருந்தூபியின் உச்சியில் குடைபோன்ற சத்திரத்தையும் அமைத்துப் பார்த்தவர், அதற்குரிய மூலக்கற்கள் போதிய அளவு கிடைக்கவில்லை என்பதால் தாமே அதைக் கலைத்துவிட்டார். தொல்லியல் பணியில் இத்தகைய நேர்மை எளிதில் காணக்கிடைப்பதன்று. ஆனால் அவர் கைவைக்காத கீழ்ச்சுவர்களின் பின்னால் நீர் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பழைய சிற்பிகள் மூலைகளில் மகர வடிவ நீர்த்தூம்புகளை அமைத்து மேற்பரப்பு நீரை வெளியேற்றியிருந்தாலும், கல்லிடுக்கில் புகும் நீருக்கு அவை தீர்வாக அமையவில்லை. ஆகவே இந்தோனேசிய அரசும் யுனெஸ்கோவும் இணைந்து 1973 முதல் 1983 வரை மேற்கொண்ட பெரும்பணியில், தொல்லியல் அறிஞர் சுக்மோனோவின் வழிகாட்டலில், சதுரத் தளங்களின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் எண்ணிடப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டன. பாசியும் உப்பும் நீக்கித் தூய்மை செய்யப்பட்டன. சுவர்களுக்கு அடியில் கம்பிக் கான்கிரீட் தளமும், பின்னால் வடிகட்டிப் படுகைகளும் வடிகுழாய்களும் இடப்பட்ட பின் ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த வடிகால் அமைப்பே இன்றைய போரோபுதூரின் உயிர்நாடி. சீரமைப்புக்குப் பின்னரும் இடர்கள் தொடர்ந்தன: 1985இல் வெடித்த குண்டுகள் ஒன்பது சிறு தூபிகளைச் சிதைத்தன. 2010இல் மெராபி உமிழ்ந்த அமிலத்தன்மை கொண்ட சாம்பல் கட்டடம் முழுவதும் படிந்து, வடிகால்களை அடைத்துவிடாதவாறு அகற்றப்பட்டது.

1991இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது போரோபுதூரோடு பாவோன், மெண்டுட் என்னும் இரு சிறு கோயில்களும் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. மூன்றும் ஒரே நேர்கோட்டில், மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், இவை ஒரே வழிபாட்டுத் தொடரின் பகுதிகள் என்று கருத இடமுண்டு. இவற்றுள் மெண்டுட் தனித்துக் காணத்தக்கது. போரோபுதூரில் இல்லாத கருவறை இங்கே உண்டு. அதனுள் இருக்கையிலிருந்து கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த நிலையில் சுமார் மூன்று மீட்டர் உயரமுள்ள புத்தரும், இருபுறமும் அவலோகிதேசுவரர், வஜ்ரபாணி என்னும் போதிசத்துவர்களும் வீற்றிருக்கின்றனர். சிதைவின்றி எஞ்சிய ஜாவாச் சிற்பங்களுள் இவற்றுக்கு இணையானவை மிகச் சிலவே. படிக்கட்டின் பக்கச் சுவர்களில் உள்ள விலங்குக் கதைகளுள் ஒன்று, இரு பறவைகள் கவ்விய குச்சியைப் பற்றிப் பறந்து, வாய் திறந்ததால் வீழ்ந்த ஆமையின் கதை. பஞ்சதந்திரம் அறிந்த எவரும் அதை உடனே இனங்கண்டுகொள்வர்.

சற்றுத் தள்ளிச் சென்றால், மூலைகளைச் சிங்கங்கள் தாங்கும் ஙாவென் என்னும் பௌத்தக் கோயிலும், 732ஆம் ஆண்டைச் சேர்ந்த சங்கல் கல்வெட்டு கிடைத்த வுகிர் குன்றின் சைவக் கோயிலும் உள்ளன. சஞ்சயன் என்னும் அரசன் இலிங்கம் நிறுவியதைக் கூறும் அக்கல்வெட்டு பல்லவ எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. பாவோனுக்கு அருகில் இருந்து அழிந்த பானோன் என்னும் இந்துக் கோயிலின் அகத்தியர் சிலை இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பௌத்தமும் சைவமும் ஒரே சமவெளியில் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த காலம் அது.

ஆண்டுதோறும் வைகாசி விசாகத்தை ஒட்டிவரும் வேசாக் முழுநிலவு நாளில், இந்தோனேசியப் பௌத்தர்கள் மெண்டுட்டில் தொடங்கி, பாவோன் வழியாகப் போரோபுதூர் வரை ஊர்வலமாகச் செல்கின்றனர். மற்ற நாட்களில் மேற்தளங்களுக்கு ஏறுவோரின் எண்ணிக்கை, படிக்கற்கள் தேய்ந்துவருவதால், 2023இல் நாளொன்றுக்கு 1,200 என வரையறுக்கப்பட்டு, மெல்லடிக் காலணி அணிவதும் கட்டாயமாக்கப்பட்டது. இக்கட்டுப்பாட்டைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மேலேற இடம் கிடைக்காதவர்களும் தரைத்தளத்தில் தென்கிழக்கு மூலையின் திறந்த பலகைகளைக் காணலாம். வளாகத்தின் கர்மவிபங்க அருங்காட்சியகத்தில் செஃபாஸ் எடுத்த படங்களையும் வான் எர்ப் கலைத்த சத்திரத்தின் கற்களையும் பார்க்கலாம். சுவர்ச் சிற்பத்தில் உள்ள பாய்மரக் கப்பலைப் பின்பற்றிக் கட்டப்பட்டு, 2003–04இல் ஜகார்த்தாவிலிருந்து கானாவின் அக்ரா துறைமுகம் வரை சென்று சேர்ந்த சமுத்திரரக்ஷா கப்பலும் அதே வளாகத்தில்தான் வைக்கப்பட்டுள்ளது.